ரெண்டாள் வேலை

உட்காருங்கள் சார். அந்த பெஞ்சு ஆடும், இந்தப் பக்கம் வாருங்கள். தாகிர் பாய் காலையிலேயே போன் போட்டுவிட்டார். 'கோயமுத்தூர்லருந்து ஒருத்தர் வர்றாரு பவுனு, பழைய ஜீப்பு வச்சிருக்காராம், உன் வண்டியில நான் பண்ணுன வேலையப் பாக்கணும்ங்கிறாரு' என்று. பவுனு பண்ணின வேலை என்று சொல்ல மாட்டார், பாருங்கள். போகட்டும். வண்டியைத் தாராளமாகப் பார்க்கலாம். மேலே தோட்டத்துக்குப் போயிருக்கிறது. ஏலக்காய் எடுப்பு நடக்கிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிற நேரம்தான். அதுவரைக்கும் ஒரு டீ குடிக்கலாம். மாஸ்டர், ரெண்டு டீ! சாருக்குச் சர்க்கரை போடலாம்தானே? போட்டே குடுங்க.

வண்டி மேலே இருக்கும்போது இந்த ஆள் ஏன் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கிறீர்கள். வெயில் அடிக்கிறது அல்லவா? வெயில் நாளில் வின்ச்சுக்கு, அதுதான் சேற்றில் சிக்கின வண்டியை ரோப் போட்டு இழுக்கிற கருவிக்கு, வேலை கிடையாது. வின்ச்சுக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கும் வேலை கிடையாது. அதற்குப் பிறகு வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

நான் ஹைட்ராலிக் ஆள் சார். இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில், துறைமுகத்தில், கப்பலிலிருந்து பெட்டி தூக்குகிற கிரேன்களோடு வாழ்ந்தவன். ஒரு குழாயில் கொஞ்சம் ஆயில், அதற்குப் பின்னால் கொஞ்சம் அழுத்தம், அவ்வளவு இருந்தால் போதும், ஒரு வீட்டையே தூக்கி வைத்துவிடலாம். படித்தது மூணாறு பக்கத்தில் எஸ்டேட் பள்ளிக்கூடம். தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. அப்படிப் படித்ததால் ஒரு நன்மை, எந்த விஷயத்தையும் இரண்டு பக்கமும் யோசித்துத்தான் முடிவெடுப்பேன். 'ரெண்டு பக்கமும் யோசிச்சிட்டு மூணாவது பக்கம் போயிருவாரு' என்பாள் சுருளி. சுருளியம்மாள், என் மனைவி. அவளுக்கு எப்போதும் ஒரு தமாஷ்.

நான் அங்கே இருந்த காலமெல்லாம் இங்கே இந்த ஜீப்பை ஓட்டியது அவள்தான். வேறு வழி? எங்கள் ஏலத் தோட்டம் மேலே இருக்கிறது. இதோ நமக்கு எதிரில் பிரிந்து போகிறதே, அந்த மண்பாதைதான் வழி. ஆட்கள் கீழே காலனியில் இருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை, பழைய டீசல் ஜீப்பை, அதுவும் மாட்டைப் பிடித்து வளைக்கிற மாதிரி வளைக்க வேண்டிய ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு, மழையிலும் சேற்றிலும்... நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். அங்கே படுத்துக்கொண்டு அதைத்தான் நினைப்பேன்.

ஆகவே ஊருக்கு வந்த மறுநாளே சொல்லிவிட்டேன். 'நீ பட்ட பாடு போதும் சுருளி. இனிமே வண்டிய நான் பாத்துக்கிறேன். நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு வா.'

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது போல. சாவியைக் கொடுக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது அவளுக்கு. அவ்வளவு நெகிழ்ந்துபோயிருந்தாள்.

ஓட்டத் தெரியுமா என்று கேட்காதீர்கள். லைசென்ஸ் எடுத்து எத்தனையோ வருஷமாகிறது. அங்கே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், கம்பெனி பஸ் கொண்டுவந்து விடும். அதனால் கை பழகவில்லையே தவிர, விஷயம் எல்லாம் தலைக்குள் இருந்தது.

இந்தப் பாதையில் வளைவுகள் உண்டு சார். கொண்டை ஊசி என்றால் தார் ரோட்டுக் கொண்டை ஊசி இல்லை, நிஜக் கொண்டை ஊசி. ஒரே மூச்சில் திரும்பாது. நிறுத்தி, பின்னால் எடுத்து, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முறுக்கி, மறுபடி முன்னால் போக வேண்டும். அந்த முறுக்கு இருக்கிறதே! செக்கு ஆட்டுகிற மாதிரி. சுருளி பக்கத்திலிருந்து சொல்வாள்: 'ஏங்க, உருள உருளத் திருப்புங்க. நிக்க வச்சுத் திருப்புனா கை கழண்டுரும்.' நான் அவளுக்கு விளக்கினேன். டயருக்கும் மண்ணுக்கும் உள்ள உராய்வு, அச்சின் மேல் உள்ள பாரம், ஸ்டியரிங் பாக்ஸின் பல் கணக்கு எல்லாம் சொன்னேன். 'சரிங்க' என்றாள். பொறுமையாகக் கேட்பாள்.

பின்னால் காய் எடுக்கிற பெண்கள் 'காளியாத்தா, காளியாத்தா' என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். பக்தி அதிகம் இந்தப் பக்கத்தில். முன்பும் இப்படித்தானா என்று சுருளியிடம் கேட்டேன். 'இல்லங்க, இப்பத்தான் கூடிருச்சு' என்றாள்.

பிறகு ஒவ்வொருவராக ஜீப்பில் ஏறுவதை நிறுத்தினார்கள்.

ஒருத்தி, தோட்டம் வரைக்கும் நடந்தே வருவதாக நேர்த்திக்கடன் என்றாள். இன்னொருத்திக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொருத்திக்குப் பித்தம், வண்டி குலுங்கினால் வாந்தி. நான் சந்தோஷப்பட்டேன் சார். உடம்பைப் பற்றி இவ்வளவு அக்கறை நம் ஜனங்களுக்கு வந்திருக்கிறதே என்று. நடப்பதன் நன்மைகளைப் பற்றி ஒருநாள் நின்று பேசினேன்கூட. எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஆனால் ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பாதையெல்லாம் அட்டை. இவர்கள் நடந்து மேலே வந்து சேரும்போது பாதிப் பொழுது போய்விடும். காலில் அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் டீ நேரம். ஏலக்காய் உங்களுக்கோ எனக்கோ காத்திருக்காது. எடுக்கிற பதத்தில் எடுக்காவிட்டால் செடியிலேயே பழுத்து வெடித்துவிடும். மிச்சத்தை எலி தின்றுவிடும். அந்த எடுப்பு எங்களுக்கு வருஷத்தின் பெரிய எடுப்பு. அது கையைவிட்டுப் போனால் வருஷமே போன மாதிரி. பதம் வந்து, பதம் தாண்டப்போகிற நேரத்தில், ராக்கம்மா வந்து இதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ராக்கம்மா யாரென்றால், சுருளிக்குச் சித்தப்பா மகள். எனக்குக் கொழுந்தியாள் முறை. காய் எடுக்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. வாயென்றால் அப்படி ஒரு வாய்.

'மச்சான், வர்ற திங்கக்கெழமைலருந்து எதிர்மலைத் தோட்டத்து ஜீப்பு எங்கள ஏத்திக்க வருது. போகட்டுமா, இருக்கட்டுமா? ஒரு வார்த்த சொல்லிருங்க.'

'ஏன் ராக்கு? நம்ம ஜீப்புக்கு என்ன?'

'ஜீப்புக்கு ஒண்ணும் இல்ல மச்சான்.'

'அப்பறம்?'

'ஜீப்புக்கு ஒண்ணுமே இல்ல.'

இரண்டு தடவை சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. மரியாதைக்காக மறைக்கிறாள். ஸ்டியரிங்தான் கோளாறு. வளைவில் வண்டி நின்று நின்று திரும்புவதால் இவர்களுக்குப் பயம். ஒரு வேலைக்காரன் குறிப்பறிந்து நடக்க வேண்டும் சார். துறைமுகத்திலும் இப்படித்தான். கிரேன் ஓட்டுகிறவன் 'ஒன்றுமில்லை' என்பான். நாம் போய்ப் பார்த்தால் சீல் போய் ஆயில் ஒழுகிக்கொண்டிருக்கும்.

என் வலது தோளும் அதற்குள் போயிருந்தது. சட்டைக்குள் கை நுழைக்கச் சுருளி பிடித்துவிட வேண்டியிருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், பவர் ஸ்டியரிங். திங்கட்கிழமைக்குள்.

தாகிர் பாய் பட்டறை கீழே போடியில். அவர் கை வைக்காத வண்டி கிடையாது என்று அவரே சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டால் நல்ல மனிதர். பிரித்துப்போட்ட ஒரு வேனிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸும் பம்பும் எடுத்து வைத்திருந்தார். உங்கள் வண்டியும் டீசல்தானே? அப்படியென்றால் இதைக் கவனியுங்கள். பம்புக்குத் தனியாகப் பிராக்கெட் அடிக்க வேண்டும். தகடு கனமாக இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் போட்டால் இன்ஜின் நடுக்கத்தில் ஒரே மாதத்தில் விரிசல் விடும். இன்ஜின் சக்கரம், பம்ப் சக்கரம் இரண்டின் பெல்ட் பள்ளமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பெல்ட் பூனை மாதிரி கத்தும். பாக்ஸ் உட்காருகிற இடத்தில் சேஸிஸுக்குள் இன்னொரு தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். பாய் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. 'இந்த சேஸிஸ்ல யானைய கட்டலாம் பவுனு' என்றார். 'யானைய கட்ட வேண்டாம் பாய், ஸ்டியரிங்கக் கட்டுங்க' என்றேன்.

பம்ப் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு யோசனை. இவ்வளவு அழுத்தம் கையில் இருக்கிறது. ஸ்டியரிங் அதில் எவ்வளவு தின்றுவிடும்? அதே பம்பில் ஒரு ஹைட்ராலிக் வின்ச்சையும் கோத்துவிட்டால்? அதோ பாருங்கள், மண்பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு வேங்கை மரம் தெரிகிறதா? அதற்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம். எருமைக்குழி என்று பெயர். மழைக்காலத்தில் அது ஜீப்பைப் பிடித்தால் லேசில் விடாது. வின்ச் இருந்தால், ரோப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தில் மாட்டி, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும் வண்டி. உடைத்துப்போட்ட ஒரு ரெக்கவரி லாரியின் வின்ச் பாயிடம் மூலையில் கிடந்தது. பார்த்தவுடனே எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை.

பாய்தான் முரண்டு பிடித்தார். 'எதுக்கு பவுனு இம்புட்டுச் சுத்து? பேட்டரி வின்ச் ஒண்ணு போட்டுருவோம். நீ சீட்டுலயே உக்காந்துக்க, கையில சுவிட்ச வச்சுக்க, அமுக்கு. ஒத்த ஆளு சோலி.'

'பேட்டரி வின்ச் கொஞ்ச நேரம் இழுத்தா சூடாயிரும் பாய். ஹைட்ராலிக் நாள் பூரா இழுக்கும்.'

'இழுக்கும். இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்தாத்தான இழுக்கும்? ஒருத்தன் உள்ள உக்காந்து ஆக்சிலேட்டர மிதிக்கணும், ஸ்டியரிங்கப் பிடிக்கணும். இன்னொருத்தன் வெளிய நின்னு ரோப்பப் பாக்கணும். ரெண்டாள் வேலை. ஒனக்கு எதுக்கு அது?'

எனக்கும் கொஞ்சம் தடுமாற்றம்தான். அப்போது சுருளி அங்கே இருந்தாள். எங்களுக்குச் சோறு கொண்டுவந்து, கழற்றிப் போட்ட ஒரு டயரின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் என் தொழில் விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாதவள், அன்றைக்குப் பேசினாள்.

'ரெண்டாள் வேலைன்னா என்ன பாய்? ரெண்டு பேரு இருக்கோம்ல. இவரு சொல்ற மாதிரியே ஹைட்ராலிக்கே போடுங்க.'

நெகிழ்ந்துவிட்டேன் சார். கட்டினவள் நம் கட்சி பேசுவது என்பது லேசான விஷயமா?

அதோடு விடவில்லை அவள். வின்ச்சின் வால்வை, அதுதான் இழு, விடு என்று சொல்கிற கைப்பிடியை, உள்ளே கியர் பக்கத்தில் வைக்கப் பாய் துளை போடப் போனார். சுருளி எழுந்து வந்துவிட்டாள். 'உள்ள வச்சா ரோப்பு எங்க சிக்குதுன்னு எப்புடித் தெரியும்? வெளிய, பம்பர் ஓரமா வைங்க. இவரு கண்ணு முன்னால இருக்கட்டும். இவரத் தவிர வேற ஆள் தொட வேணாம்.'

எத்தனையோ தேசத்து இன்ஜினியர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இந்தப் பாதுகாப்பு புத்தி ஒருத்தனுக்கும் இருந்ததில்லை. பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துணியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியபடி வெளியே போய்விட்டார். வெல்டிங் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

திங்கட்கிழமை வந்தது. இரவெல்லாம் மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. நான் வண்டியைக் கொண்டுவந்து இங்கே நிறுத்துகிறேன், எதிர்மலை ஜீப்பும் வந்து நிற்கிறது. அதன் டிரைவர் இறங்கி, டீயை வாங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்றான். பெண்கள் நடுவில் நின்றார்கள். நான் பேனட்டைத் திறந்து காட்டினேன். பம்பைக் காட்டினேன். வின்ச்சைக் காட்டினேன். ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் சுற்றிக் காட்டினேன்.

'நல்லாத்தான் இருக்கு மச்சான்' என்றாள் ராக்கம்மா. அப்புறம் எல்லோருமாகக் கொஞ்சம் குசுகுசுவென்று பேசினார்கள். 'ஒண்ணு செய்வோம். எருமைக்குழி வரைக்கும் உங்க ஜீப்புல வர்றோம். அதத் தாண்டிட்டா இந்த எடுப்பு முடியுற வரைக்கும் உங்க ஜீப்புதான். தாண்டலைன்னா கோவிச்சுக்கக் கூடாது.' சொல்லிவிட்டு ஏறினார்கள். ஆனால் சோற்று வாளிகளை மட்டும் எதிர்மலை ஜீப்பில் வைத்துவிட்டு ஏறினார்கள் சார். என் வண்டியில் இடம் தாராளமாக இருந்தது. ஏனோ அப்படிச் செய்தார்கள்.

சுருளி என் பக்கத்தில். கிளப்பினேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், இது உங்களுக்கு உபயோகப்படும். பவர் ஸ்டியரிங் போட்ட பழைய வண்டியை முதல் தடவை எடுக்கும்போது கையை மறந்துவிட வேண்டும். நான் மறக்கவில்லை. அத்தனை நாள் செக்கு ஆட்டின கை. எருமைக்குழியைச் சுற்றிக்கொண்டு போக ஓரமாக ஒரு தடம் உண்டு. அதில் ஏற்றுவதற்காக வழக்கமாகக் கொடுக்கிற பலத்தைக் கொடுத்தேன். வண்டிக்கு அப்படி ஒரு பணிவு வந்திருக்கும் என்று யார் கண்டார்கள்? 'கொஞ்சம் இடது' என்று நான் நினைத்தேன், அது 'முழுக்க இடது' என்று எடுத்துக்கொண்டது. அவசரமாக வலது பக்கம் ஒடித்தேன். அதையும் முழுக்க எடுத்துக்கொண்டது. பட்டம் கரணம் போடுகிற மாதிரி இரண்டு ஆட்டம் ஆடி, நேராக எருமைக்குழியின் நடுவில் போய் உட்கார்ந்தது.

யாரும் காளியாத்தாவைக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. சத்தமே இல்லாமல் இறங்கினார்கள். முழங்கால் வரை சேற்றில் இறங்கி, சேலையைச் சொருகிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கீழே நடக்க ஆரம்பித்தார்கள். இங்கே எதிர்மலை டிரைவர் டீ கிளாஸை வைத்துவிட்டு ஜீப்பைக் கிளப்பினான்.

ஃபோர்வீல் போட்டுப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது, வண்டி இன்னும் கொஞ்சம் கீழே போனது. பக்கத்தில் சுருளியைப் பார்த்தேன். அவள் கீழே போகிற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இந்த எடுப்பு போச்சுங்க' என்று சொன்னாள். சத்தமாக இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

'எப்படிப் போகும்? வின்ச் எதுக்கு இருக்கு?' என்று குதித்துவிட்டேன்.

குதித்து, ரோப்பை இழுத்துக்கொண்டு சேற்றில் ஏறினேன். மரத்தின் பட்டை அறுபடாமல் அகலமான பெல்ட்டைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டினேன். இந்த மாதிரி விஷயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். ஒரு தடவை மாட்டி, கழற்றி, சரிபார்த்து மறுபடி மாட்டினேன். திரும்பி வந்து பம்பர் ஓரம் நின்று வால்வில் கை வைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, உள்ளே ஒரு ஆள் வேண்டும் என்று. எதிர்மலை டிரைவரைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறக்கிறேன், சுருளி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எப்போது நகர்ந்தாள் என்றே தெரியவில்லை. சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, கண்ணாடியைக்கூடத் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டாள்.

'ஆக்சிலேட்டரு மட்டும் கொடு சுருளி! மத்தத நான் சைகை காட்டுறேன்!'

'காட்டுங்க' என்றாள்.

துறைமுகத்தில் கிரேனுக்குக் காட்டுகிற சைகை சார், உலகம் பூரா ஒரே சைகை. ஒரு கையால் வால்வு, ஒரு கையால் சைகை. ரோப் முறுக்கேறியது. வண்டி முனகியது. ஒரு சாண் நகர்ந்தது. என்ன ஆச்சரியம் என்றால், நான் இடது என்று கை காட்டுவதற்குள் சக்கரம் இடது பக்கம் திரும்பிவிடும். நான் நிறுத்து என்று உள்ளங்கையைத் தூக்குவதற்குள் அவள் காலை எடுத்திருப்பாள். சைகையை அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஒரு சக்கரத்துக்கு அடியில் எங்கேயோ கல் தட்டுப்பட்டது போலிருக்கிறது. அவள் லேசாக வலதும் இடதுமாக அசைத்து அசைத்து, உருள உருளத் திருப்பி, அதன் மேல் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு வண்டி வந்த வேகத்தில் ரோப் தொய்ந்து தரையில் கிடந்தது. ரோப் தொய்வது நல்ல அறிகுறி, சுமை குறைந்துவிட்டது என்று அர்த்தம். நான் ஓரமாகத் தாவிக் குதித்தேன். வண்டி என்னைத் தாண்டி மேலே ஏறி, வேங்கை மரத்தடியில், கெட்டித் தரையில் போய் நின்றது. அச்சு முதல் கூரை வரை சேறு. ஹாரனை ஒரு தடவை அடித்தாள் சுருளி. ஒரே ஒரு தடவை.

கீழே போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள்.

'எக்கா!' என்று ஒரு கூப்பாடு. ராக்கம்மாதான். அடுத்த நிமிஷம் இங்கே திரும்பி, 'ஏண்ணே, அந்த வாளியெல்லாம் எறக்கிக் குடுங்க!' என்கிறாள். எதிர்மலை டிரைவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு வாளியாக எடுத்துக் கொடுத்தான். சேற்றிலேயே சிரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள் சார். சர்க்கரைக்காரி முதலில் வந்தாள்.

நான் ரோப்பைச் சுருட்டி முடிக்க நேரமாகிவிட்டது. அதை அவசரமாகச் சுருட்டக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அடுத்த தடவை நசுங்கிவிடும். முடித்துவிட்டு நிமிர்ந்தால் வண்டி நிறைந்திருக்கிறது. என் இடத்தில், அதாவது சுருளி உட்கார்ந்து வந்த இடத்தில், ராக்கம்மா வாளியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். 'மச்சான், பின்படியில ஏறிக்கங்க. அடுத்த குழி எங்க இருக்கோ, டக்குனு எறங்க வசதியா இருக்கும்.' சரியான பேச்சுதான். வின்ச் ஆளுக்குப் பின்படிதான் இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த எடுப்பு முழுக்க எங்களுடையது சார். ஒரு காய் வெடிக்கவில்லை. நேர்த்திக்கடன் முடிந்துவிட்டது, பித்தம் இறங்கிவிட்டது, எல்லோரும் ஜீப்பில்தான் வந்தார்கள். பவர் ஸ்டியரிங்கின் மகிமை அப்படி. மழைக்காலம் முழுக்க நான் பின்படியில். வின்ச்சை எத்தனை தடவை போட்டோம் என்கிறீர்களா? அதற்கப்புறம் தேவைப்படவில்லை. ஆனால் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? தேவைப்படும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒருநாள் சாயங்காலம், மேலே இருந்து இறங்கி வருகிறோம். பின்னால் நிற்கிறேன். முன்னாலிருந்து பாட்டு கேட்கிறது. யாரென்று பார்த்தால், சுருளி. ஒற்றைக் கையால் ஸ்டியரிங், இன்னொரு கை ஜன்னலில், என்னவோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு ஓட்டுகிறாள். எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் நின்ற ராக்கம்மாவிடம் சொன்னேன், 'பாத்தியா ராக்கு, பவர் ஸ்டியரிங் போட்டதும் பாட்டே வருது உங்க அக்காவுக்கு' என்று.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். 'முன்னாடியும் பாடிக்கிட்டுத்தான் மச்சான் ஓட்டும். நடுவுல கொஞ்ச நாளுதான் நின்னுபோச்சு' என்றாள்.

நடுவில் என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. பெல்ட் இழுவையில் ஏதோ சத்தம் மாதிரி இருந்தது, அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மற்றதையும் கொஞ்சம் யோசித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோ, சத்தம் கேட்கிறதா? வருகிறது. இந்த இன்ஜின் சத்தத்தை எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன். அந்தத் திருப்பத்தில் பாருங்கள், எப்படி வளைகிறது! நிற்கவே இல்லை பார்த்தீர்களா? பம்ப் பிராக்கெட்டைக் குனிந்து பாருங்கள், அந்தத் தகட்டின் கனத்தைப் பார்க்க வேண்டும். வின்ச்சுக்கு ஆயில் போகிற ஓஸ் குழாய் இரண்டும் நான் போட்டது. பாய் போட்டது என்று சொல்வார், நம்பாதீர்கள்.

வா சுருளி. இவருதான் கோயமுத்தூர் சார். காய் எப்படி, சாக்கு நெறஞ்சுதா? நல்லது. சார் வண்டியப் பாக்க வந்துருக்காரு, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்க் காலனியில ஆளுகள எறக்கிட்டு... என்ன? ஏன் எறங்குற? நானா? நான் ஓட்டிக் காட்டணுமா, சாருக்கு?

வேணாம்மா. அட, நெசமாத்தான் சொல்றியா? தார் ரோடுதான், எறக்கந்தான், அதுவும் சரிதான். உக்காரச் சொல்றா பாருங்க சார், கதவத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறா. மனசாரத்தான் சொல்றா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

ஏன் எல்லாரும் பேச்ச நிறுத்திட்டீங்க? இப்ப வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான வந்தீங்க?

இல்ல சுருளி. நீயே ஓட்டு. சார்கிட்ட ஓஸ் மாட்டுறதப் பத்தி இன்னும் பாதி சொல்லல, பின்னால நின்னு சொல்லிக்கிட்டே வாரேன். ஏறுங்க சார், அந்தக் கம்பியப் பிடிச்சுக்கங்க, பின்படி கொஞ்சம் வழுக்கும்.

ராக்கம்மா, காலை உள்ள எடு. நான் ஓட்டல.